சீனாவின் குடும்பப் பதிவு முறை ஒழிந்துவிடவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சீன நகரங்களுக்குப் பிழைப்புத் தேடி வருவோரைப் பற்றி அண்மையில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ஒருவரின் உரிமைகளை அவர் பெயர் பதிவான ஊரோடு பிணைக்கும் ஹுகோவ் எனப்படும் குடும்பப் பதிவு முறையைச் சீனா கைவிட்டுவிட்டதாக ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிட்டது. அந்த ஒரு வரி தவறு. 2014, 2019, 2024 என மூன்று முறை இதே செய்தி உலகெங்கும் ஓடியது. மூன்று முறையும் ஏதோ ஒன்று உண்மையாகவே மாறியது. ஆனால் முறை ஒழியவில்லை.

கணக்கைப் பாருங்கள். 2023 இறுதியில் சீன மக்கள்தொகையில் 66.16 விழுக்காட்டினர் நகரங்களில் வசித்தனர். நகரத்தில் குடும்பப் பதிவு பெற்றிருந்தவர்களோ 48.3 விழுக்காட்டினர்தான். இந்த இடைவெளி ஏறத்தாழ 25 கோடிப் பேர். நகரத்தில் உழைக்கிறார்கள், வாடகை கொடுக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள். அந்த நகரத்தின் பதிவேட்டில் மட்டும் அவர்கள் பெயர் இல்லை.

பதிவேடு என்பது செம்பழுப்பு அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம். முதல் பக்கத்தில் குடும்பத் தலைவர் பெயரும் முகவரியும் இருக்கும். அடுத்து ஆளுக்கொரு பக்கம்: தலைவருக்கு என்ன உறவு, பிறந்த ஊர், பூர்வீகம், இனம், கல்வி, திருமண நிலை, படைச்சேவை, தொழில், எப்போது எங்கிருந்து பெயர்ந்து வந்தார் என்ற விவரம். அதைக் கொடுப்பதும் திருத்துவதும் காவல் நிலையத்தின் வேலை. நம் ஊர் ரேஷன் கார்டோடு இதை ஒப்பிடுவோர் உண்டு. குடும்பத்துக்கு ஒன்று என்பதோடு அந்த ஒற்றுமை முடிந்துவிடுகிறது. ரேஷன் கார்டில் முகவரி மாறாததால் பிள்ளை எந்த ஊரில் பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டும் என்பது மாறிவிடாது. சீனாவில் அதைத் தீர்மானிப்பதே இந்தப் புத்தகம்தான்.

மக்களைப் பதிவேட்டில் கட்டிவைக்கும் பழக்கம் அங்கே மிகப் பழையது. மிங் அரசு 1381இல் நாடு முழுவதும் 110 வீடுகளை ஓர் அலகாக்கி 'மஞ்சள் பதிவேடுகள்' எழுதியது. பத்தாண்டுக்கு ஒருமுறை அவற்றைப் புதுப்பித்து, தீப்பிடிக்காமல் இருக்க நான்ஜிங்கின் ஏரித் தீவுகளில் கிடங்கு கட்டி வைத்தார்கள். ஆனால் இன்றைய முறைக்கு அந்தப் பழமையை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது. இது 1950களின் திட்டமிட்ட பொருளாதாரம் பெற்ற பிள்ளை.

1954 அரசமைப்புச் சட்டத்தின் 90ஆம் பிரிவு குடிமக்களுக்கு இடம்பெயரும் சுதந்திரம் உண்டு என்றது. நான்கே ஆண்டுகளில், 1958 ஜனவரி 9 அன்று, சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரசின் நிலைக்குழு குடும்பப் பதிவு ஒழுங்குமுறையை நிறைவேற்றியது. மொத்தம் 24 பிரிவுகள். 10ஆம் பிரிவுதான் அதன் உயிர்நாடி. கிராமத்தவர் நகரத்துக்குக் குடிபெயர வேண்டுமானால் நகரத் தொழிலாளர் துறை தந்த வேலைச் சான்று, பள்ளி தந்த சேர்க்கைச் சான்று, நகரப் பதிவு அலுவலகம் தந்த அனுமதி ஆகிய மூன்றில் ஒன்று கையில் இருக்க வேண்டும். வேற்று நகரத்தில் மூன்று நாளுக்கு மேல் தங்கினால் பதிய வேண்டும். மூன்று மாதத்தைத் தாண்டினால் நீட்டிப்பு கேட்க வேண்டும். இடம்பெயரும் சுதந்திரம் 1975 அரசமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. 1982இல் வந்த, இன்றும் நடைமுறையில் உள்ள அரசமைப்பு அதைத் திருப்பித் தரவில்லை. 1958 ஒழுங்குமுறையும் இன்றுவரை ரத்தாகவில்லை. 'ஒழிக்கப்பட்டது' என்று எழுதும் முன் இந்த இரண்டையும் பார்த்திருக்க வேண்டும்.

சட்டத்தைவிட வலுவாக மக்களை ஊரோடு கட்டிப்போட்டது சோறு. 1953இல் தானியக் கொள்முதலையும் விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 1955இல் தானியச் சீட்டுகள் வந்தன. பதிவேட்டில் 'வேளாண் சாராதவர்' என்று இருந்தால் மாதாமாதம் சீட்டு கிடைக்கும். 'வேளாண்' என்றிருந்தால் கிராமக் கூட்டுப்பண்ணை தருவதுதான். சீட்டு இல்லாதவருக்கு நகரத்து உணவகத்தில் காசு கொடுத்தாலும் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கிடைப்பது அரிது. 1959 முதல் 1961 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் இந்தப் பிரிவினை உயிர்ப்பிரச்சினையானது. நகரத்தாருக்குக் குறைந்த அளவேனும் ரேஷன் உறுதியாக இருந்தது. தானியம் விளைவித்த கிராமத்தவருக்கு அது இல்லை, வெளியேறவும் வழியில்லை. அதற்குப் பிறகு நகரங்களிலிருந்து சுமார் 2 கோடிப் பேரை அரசு கிராமங்களுக்குத் திருப்பி அனுப்பியது.

கிராமப் பதிவை நகரப் பதிவாக மாற்ற வழியே இல்லையா என்றால், இருந்தது. பல்கலைக்கழகச் சேர்க்கை, படையில் அதிகாரியாவது, அரசு ஆலை வேலை. 1977இல் அதற்கும் உச்சவரம்பு வைத்தார்கள்: ஆண்டுக்கு, வேளாண் சாராத மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு 1.5 பேர். குழந்தைக்குத் தாயின் பதிவுதான் வரும் என்ற விதி 1998 வரை இருந்தது. நகரத்து ஆலைத் தொழிலாளி கிராமத்துப் பெண்ணை மணந்தால் அவர்கள் பிள்ளைகளும் கிராமத்தவரே. தலைமுறை தலைமுறையாக இந்தப் பிளவு நீடித்ததில் இந்த விதிக்குப் பெரும் பங்கு உண்டு.

தென்சீனாவின் முத்து ஆற்றுக் கழிமுகத்தில் தொழிற்சாலைகள் பெருகியதும் ஆள் தேவைப்பட்டது. 1985இல் தற்காலிக வசிப்பு அனுமதி வந்தது, 1993இல் தானியச் சீட்டு போனது. அதன்பின் யாரும் எங்கும் போய் வேலை செய்யலாம் என்ற நிலை வந்தது. ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் பிடிபட்டால் காவலில் வைத்து ஊருக்கு அனுப்பும் அதிகாரம் காவல் துறையிடம் இருந்தது. பிச்சைக்காரர்களுக்கும் வீடற்றோருக்கும் உதவ என்று 1982இல் போட்ட விதியை இதற்கு வளைத்துக்கொண்டார்கள். 2003 மார்ச் 17 அன்று குவாங்சோ நகரில் சுன் சிகாங் என்ற 27 வயது வடிவமைப்பாளரை இப்படித்தான் பிடித்தார்கள். மூன்றாம் நாள் காவல் மருத்துவ நிலையத்தில் அடிபட்டு இறந்தார். உள்ளூர் நாளேடு ஏப்ரல் 25 அன்று அதை அம்பலப்படுத்தியது. மே மாதம் மூன்று சட்ட அறிஞர்கள், அந்த விதி அரசமைப்புக்கு முரணானது, ஆய்வு செய்யுங்கள் என்று நிலைக்குழுவுக்கு மனுக் கொடுத்தார்கள். நிலைக்குழு ஆய்வுக்கு எடுப்பதற்குள், ஜூனில், சீனாவின் மைய அமைச்சரவையான மாநிலக் கவுன்சிலே விதியை ரத்து செய்துவிட்டது. ஆகஸ்ட் 1 முதல் அது செல்லாது. இலட்சக்கணக்கானோருக்கு நிம்மதி கிடைத்தது உண்மை. ஆனால் ஒரு குடிமகனின் மனுவால் அரசாணையொன்று அரசமைப்பு ஆய்வுக்கு உட்பட்டது என்ற முன்னுதாரணம் உருவாகவே இல்லை. அந்த வாய்ப்பு நழுவியதைச் சீனச் சட்டத்துறையினர் பலர் இன்றும் வருத்தத்தோடு நினைவுகூர்வதில் வியப்பில்லை.

இனி உங்கள் கட்டுரை தொட்ட காலத்துக்கு வருவோம். 2014 ஜூலையில் மாநிலக் கவுன்சில் 'வேளாண்', 'வேளாண் சாராத' என்ற இரு வகைகளையும் நீக்கியது. பதிவேட்டில் எல்லோரும் 'குடியிருப்பவர்' ஆனார்கள். ஊரின் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. உரிமைகள் தொங்குவது அந்த ஊரின் பெயரில்தான். சிறு நகரங்களைத் திறந்துவிடு, பெரு நகரங்களைக் கட்டுப்படுத்து என்பதே 2014இன் சூத்திரம். 2019இல் 10 இலட்சம் முதல் 30 இலட்சம் வரை மக்கள் வசிக்கும் நகரங்களும் தடையை முழுமையாக நீக்கவேண்டும் என்றார்கள். 30 முதல் 50 இலட்சம் வரை உள்ளவற்றில் நிபந்தனைகள் தளர்ந்தன. 2024 திட்டம் இதையே உறுதிப்படுத்தி விரைவுபடுத்தியது. 50 இலட்சத்தைத் தாண்டிய நகரங்களில் புள்ளி முறை தொடர்கிறது. மக்கள் போக விரும்புவதோ பெரும்பாலும் அங்கேதான். வேலை அங்கே இருக்கிறது.

புள்ளி முறை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பெய்ஜிங்கை வைத்துப் பார்க்கலாம். விண்ணப்பிக்கவே நான்கு தகுதிகள் வேண்டும்: பெய்ஜிங் வசிப்பு அனுமதி, ஓய்வு வயதைத் தாண்டாமை, தொடர்ந்து ஏழு ஆண்டுகள் அந்த நகரத்தில் சமூகக் காப்பீட்டுத் தொகை கட்டியிருத்தல், குற்றப் பதிவு இல்லாமை. பிறகு புள்ளிகள். காப்பீடு கட்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 3. சொந்த வீட்டில் வசித்தால் ஆண்டுக்கு 1, வாடகை வீடானால் 0.5. கல்விக்குப் பட்டயம் 10.5, இளநிலைப் பட்டம் 15, முதுநிலை 26, முனைவர் 37. வயது 45க்குள் என்றால் 20. 2018இல் முதல்முறை நடந்தபோது 1.24 இலட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 6,019 பேருக்குக் கிடைத்தது. கடைசியாக இடம் பிடித்தவரின் புள்ளி 90.75.

இப்போது ஒரு கட்டடத் தொழிலாளியை இதில் பொருத்திப் பாருங்கள். வயது நாற்பது, பத்தாண்டு வாடகைக் குடித்தனம், நடுநிலைப் பள்ளிப் படிப்பு. ஒப்பந்தக்காரர் பத்தாண்டும் தவறாமல் காப்பீடு கட்டியிருந்தால்கூட 30, 5, 20 என்று 55 புள்ளிதான் வரும். நடைமுறையில் அவருக்குக் காப்பீடே கட்டியிருக்க மாட்டார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாத வேலை, ஆண்டு முடிவில் கணக்கு முடிக்கும் கூலி, தளத்துக்குத் தளம் மாறும் முதலாளி என்றால் ஏழாண்டுத் தொடர்ச்சி எங்கிருந்து வரும்? ஆக முதல் படியிலேயே அவர் நின்றுவிடுகிறார். நகரத்தைக் கட்டியவரைத் தள்ளிவைக்கும் இந்த அளவுகோல் நியாயமானது என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பதிவு இல்லாதவர்களுக்கு 2016 ஜனவரி 1 முதல் வசிப்பு அனுமதி அட்டை உண்டு. ஆறு மாதம் தங்கியிருந்து, நிலையான வேலை, நிலையான வீடு, தொடர்ந்த படிப்பு என்ற மூன்றில் ஒன்றைக் காட்டினால் கிடைக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடித்தட்டு மருத்துவம், வேலைவாய்ப்புச் சேவை, ஓட்டுநர் உரிமம் போன்றவை இதில் வரும். பழைய தற்காலிக அனுமதியைவிட இது பெரிய முன்னேற்றம் என்பதை மறுக்க வேண்டியதில்லை.

வலிக்கும் இடம் பள்ளிக்கூடம். ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்வியைப் பெற்றோர் வேலை செய்யும் ஊரே தரவேண்டும் என்று 2006இல் திருத்திய கல்விச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறைக்கு வந்தால் பெய்ஜிங் கேட்டது ஐந்து சான்றுகள்: வேலைச் சான்று, வீட்டுச் சான்று, குடும்பப் பதிவேடு, வசிப்பு அனுமதி, சொந்த ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்ற சான்று. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய மறுத்தால் இரண்டாவது சான்று போச்சு. முதலாளி காப்பீடு கட்டவில்லையென்றால் முதலாவதும் போச்சு. ஐந்தாவதுக்காக ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி ஊருக்குப் போய்வர வேண்டியிருந்தது. ஒன்று குறைந்தாலும் அரசுப் பள்ளியில் இடமில்லை.

ஒன்பது ஆண்டைத் தாண்டினால் சட்டத்தின் காப்பும் முடிந்துவிடுகிறது. கவோகாவ் என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைப் பதிவு இருக்கும் மாகாணத்தில்தான் எழுத வேண்டும் என்பது பொது விதி. பல்கலைக்கழகங்கள் மாகாணவாரியாக இடங்களை ஒதுக்குவதால், பெய்ஜிங், ஷாங்காய் பிள்ளைகளுக்குத் தங்கள் நகரத்துப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் நுழையும் வாய்ப்பு, மக்கள் நெருக்கமான ஹெனான் போன்ற மாகாணத்துப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு. 2012இல் மாநிலக் கவுன்சில் இதைத் தளர்த்தச் சொன்னது. நிபந்தனையை அந்தந்த மாகாணமே வகுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பெய்ஜிங் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்லூரிகளுக்கான வாசலைத்தான் திறந்தது. எனவே பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளை முடிவெடுத்தாக வேண்டும். பெற்றோரோடு இருந்து தொழிற்பள்ளிக்குப் போவதா, பாட்டி வீட்டுக்குத் திரும்பி, வேறு பாடத்திட்டத்தில், தெரியாத ஆசிரியர்களிடம் படித்துத் தேர்வெழுதுவதா? தாமதமாகத் திரும்பும் பிள்ளை பாடத்தில் பின்தங்கும். முன்கூட்டியே அனுப்பினால் தாய்தந்தையரைப் பிரிந்து வளரும்.

ஊரில் விடப்பட்ட இப்படிப்பட்ட கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 2013இல் வந்த மதிப்பீடு 6.1 கோடி, 2016இல் சமூக நலனைக் கவனிக்கும் சிவில் விவகார அமைச்சகம் சொன்னது 90.2 இலட்சம். மூன்றாண்டில் ஐந்து கோடிப் பிள்ளைகள் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்துவிடவில்லை. வரையறை மாறியது. பழைய கணக்கில் பெற்றோரில் ஒருவர் வெளியூரில் இருந்தாலே சேர்த்தார்கள், 18 வயதுக்குட்பட்டோரை எண்ணினார்கள். புதிய கணக்கு 16 வயதுக்குட்பட்டோரை மட்டும், இருவரும் வெளியேறியிருந்தாலோ, ஒருவர் வெளியேறி மற்றவரால் பார்த்துக்கொள்ள இயலாவிட்டாலோதான் எண்ணுகிறது. இரண்டு எண்களையும் அருகருகே போட்டு 'பிரச்சினை குறைந்தது' என்று எழுதுவது வாசகரைத் தவறாக வழிநடத்தும்.

பெரு நகரங்கள் ஏன் கதவைத் திறக்க மறுக்கின்றன? பணம்தான் முதற்காரணம். 1994 வரிப் பகிர்வுச் சீர்திருத்தத்துக்குப் பின் வருவாயில் பெரும்பங்கு மைய அரசுக்குப் போனது, செலவு உள்ளூரிலேயே தங்கியது. பொதுச் செலவில் சுமார் 85 விழுக்காடு மாகாண, நகர, வட்ட அரசுகளின் தலையில். பள்ளியும் மருத்துவமனையும் முதியோர் உதவியும் அதற்குள் அடக்கம். வந்தவர் செலுத்தும் உழைப்பு உடனே நகரத்துக்கு லாபம். அவர் குடும்பத்தின் பள்ளியும் ஓய்வூதியமும் பல்லாண்டுச் செலவு. பதிவைத் தள்ளிப்போட்டால் லாபத்தை வைத்துக்கொண்டு செலவைச் சொந்த ஊர் மீது போடலாம். ஷென்செனில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1.76 கோடிப் பேர் வசித்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் அந்த நகரத்துப் பதிவு இருந்தது. மையம் தரும் நிதி, பதிவுத் தலைகளைப் பாராமல் வசிக்கும் தலைகளைப் பார்த்து முழுமையாகப் பகிரப்படும் வரை எந்த அறிவிப்பும் பெரு நகரங்களில் பாதிதான் பலிக்கும் என்பது எங்கள் கருத்து.

மறுபக்கமும் ஒன்று உண்டு. உங்கள் கட்டுரையில் அது இல்லை. திறந்துவிட்ட சிறு நகரங்களில்கூடப் பலர் பதிவை மாற்ற முன்வருவதில்லை. காரணம் நிலம். கிராமப் பதிவோடு சாகுபடி நிலத்தின் ஒப்பந்த உரிமை, வீட்டுமனை, கூட்டுச் சொத்தின் பங்கு மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வீட்டுமனையைக் கிராமக் கூட்டமைப்புக்கு வெளியே விற்க முடியாது. நகரத்துக்குப் பதிவை மாற்றிக்கொண்டவர் வேலை போனால் திரும்பக் கிராமப் பதிவு பெறுவது மிகக் கடினம். 2018இல் திருத்திய நில ஒப்பந்தச் சட்டம், நகரப் பதிவுக்கு நிபந்தனையாக ஒப்பந்த நிலத்தை விடச் சொல்லக்கூடாது என்று தடுத்தது. 2025 மே 1 அன்று நடைமுறைக்கு வந்த கிராமக் கூட்டுப் பொருளாதார அமைப்புச் சட்டம், படிக்கப் போனார், வேலைக்குப் போனார், விவாகரத்தானார் என்பதற்காக உறுப்புரிமை போகாது என்கிறது. நல்ல விதிகள்தான். ஆனால் உறுப்பினர் பட்டியலைத் தயாரிப்பது கிராமத்தார். வெளியூரில் மணமுடித்த பெண்களின் பங்கை வெட்டுவது அங்கே பல காலமாக நடக்கும் வழக்கு. சட்டம் வந்ததும் அது தானாக நின்றுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

உண்மையாகவே மாறியவற்றை மறைக்கவும் கூடாது. உயிரிழப்புக்கான இழப்பீடு நல்ல எடுத்துக்காட்டு. உச்ச மக்கள் நீதிமன்றத்தின் 2003 விளக்கப்படி, விபத்தில் இறந்தவருக்கு 20 ஆண்டு சராசரி வருமானம் இழப்பீடு. நகரத்தவருக்கு நகர வருமானம், கிராமத்தவருக்குக் கிராம வருமானம். 2005 டிசம்பரில் சோங்சிங்கில் ஒரே விபத்தில் மூன்று மாணவிகள் இறந்தபோது, கிராமப் பதிவு கொண்ட சிறுமியின் குடும்பத்துக்கு மற்ற இருவருக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பகுதிதான் முதலில் தர முன்வந்தார்கள். நாடே கொதித்தது. 2010இல் வந்த சட்டம், ஒரே விபத்தில் பலர் இறந்தால் சமத்தொகை தரலாம் என்றது, தரவேண்டும் என்று சொல்லவில்லை. 2022 மே 1 முதல்தான் எல்லோருக்கும் நகர அளவுகோல் என்று ஆனது. பதினாறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

2016 ஜனவரியில் வந்த இன்னொரு முடிவும் அதே அளவு முக்கியமானது. பெரும்பாலும் குடும்பக் கட்டுப்பாட்டு விதியை மீறிப் பிறந்ததால், அபராதம் கட்டாததால் பதிவேட்டிலேயே இல்லாமல் வாழ்ந்தவர்கள் 2010 கணக்கெடுப்பில் சுமார் 1.3 கோடி. பதிவு இல்லையேல் அடையாள அட்டை இல்லை, ரயில் பயணச்சீட்டு இல்லை, பள்ளி இல்லை. எந்த முன்நிபந்தனையும் இன்றி அவர்களைப் பதிய வேண்டும் என்று மாநிலக் கவுன்சில் ஆணையிட்டது. 2025 மே 10 முதல் திருமணப் பதிவுக்கும் குடும்பப் பதிவேடு தேவையில்லை, நாட்டின் எந்த ஊரிலும் பதியலாம். அதுவரை, பிள்ளையின் காதலுக்கு உடன்படாத பெற்றோர் பதிவேட்டை ஒளித்துவைத்தே திருமணத்தைத் தடுத்துவிட முடிந்தது.

அடுத்த முறை பெய்ஜிங்கிலிருந்து 'பதிவுச் சீர்திருத்தம்' என்ற செய்தி வரும்போது உங்கள் செய்திப் பிரிவு மூன்று விவரங்களைத் தேடிப் போடட்டும். அறிவிப்பு எந்த அளவு மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்குப் பொருந்தும்? புதிதாகப் பதிவு பெற்றவரின் பிள்ளை கவோகாவை அங்கேயே எழுதலாமா? செலவை ஏற்பது மைய அரசா, நகரமா? கூடவே நகரத்தில் வசிப்போர் விழுக்காட்டையும் நகரப் பதிவு பெற்றோர் விழுக்காட்டையும் ஒரே பத்தியில் அச்சிட வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சீனச் சட்டமும் சமூகமும் பயின்றுவரும் வாசகர்கள் சிலர்,
சென்னை